ஆற்றுக்கப்பலில் மட்டும் ஏறாதேங்கோ

“நாங்களும் வாற மாசம் லூசியானாவுக்குத்தானே போறம்!”

ரஞ்சினியின் வாயிலிருந்து இந்த வசனம் வெளியே வந்தபோது அந்த வரவேற்பறையில் அதிகமாகத் திடுக்கிட்டவர் அவளுடைய கணவர் சிறி. கடித்துக்கொண்டிருந்த மட்டன் ரோல்ஸ் வாயில் பாதியும் கையில் பாதியுமாக நின்றது. அவருக்குத் தெரிந்த அளவில் வாற மாதம் அவர்கள் போக இருந்த ஒரே தூரப்பயணம், கார் சேர்விஸுக்கு பிளக்டவுன் வரைக்கும்.

“உண்மையாவோ ரஞ்சியக்கா?” என்றாள் மேனுகா. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று வடிந்துபோனது.

அந்த வடிதலைப் பார்த்ததும் ரஞ்சினியின் நெஞ்சில் ஐஸ்கிரீம் வைத்தாற்போல இருந்தது.

மேனுகா வேறு யாருமில்லை, சிறியின் தம்பி சுஜீதனின் மனைவி. இரண்டு குடும்பமும் சிட்னியின் டூங்கபியில் நடந்துபோகிற தூரத்தில்தான் இருந்தன. ஈஸ்டர் விடுமுறைக்கு மேனுகா குடும்பம் அமெரிக்கா போனது. நியூயோர்க், நயாகரா, டிஸ்னிலாண்ட் என்று போயிருந்தால் ரஞ்சினியிடம் பதில் தயாராக இருந்தது: “அங்க ஆர் போகேல்ல?” ஆனால் அவர்கள் போனது லூசியானா. அப்படி ஒரு மாநிலம் இருக்கிறது என்பதே ரஞ்சினிக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாருமே போகாத இடத்துக்குப் போனவளை என்ன சொல்லி மட்டம் தட்டுவது?

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மேனுகா வீட்டில் இரவுச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பெரிய தொலைக்காட்சியில் படங்கள். நியூ ஒர்லீன்ஸில் இரும்புப் பூவேலை செய்த பல்கனிகள். தெருமுனையில் ட்ரம்பெட் ஊதுகிறவர்கள். சீனித்தூள் மழையில் நனைந்த பெனியே என்கிற பலகாரம். தாடி வளர்த்த மாதிரிப் பாசி தொங்கும் மரங்கள். கம்போ என்கிற குழம்பு.

“இறாலும் நண்டும் போட்டு, வெண்டிக்காயும் போடுறாங்கள் அக்கா!”

வெண்டிக்காய்க் குழம்பு குடிக்க அமெரிக்கா போகவேணுமோ என்று ரஞ்சினி மனதுக்குள் கேட்டாள். வெளியே, “நல்ல வடிவாயிருக்கு” என்றாள். அன்றிரவு அவளுக்கு நெஞ்செரிவு. சிறி அது ரோல்ஸ் செய்த வேலை என்று நினைத்து இஞ்சித்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

படம் காட்டினாலும் பரவாயில்லை. படத்துக்குப் படம் மேனுகா கேட்கிற கேள்விகள்தான் பொறுக்க முடியாதவை.

“அக்கா, உங்களுக்கு நண்டு ஒத்துக்கொள்ளுமோ?”

நான் என்ன நண்டு காணாத வீட்டிலயோ பிறந்தனான்?

“அத்தானுக்குப் படகில போனால் தலை சுத்துமோ?”

பதினைந்து வருஷமாகச் சிட்னித் தெருக்களில் பஸ் ஓட்டுகிற என் மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

கடைசியில் அன்றைக்குக் கேட்டாளே ஒரு கேள்வி. “அக்கா, உங்கட பாஸ்போர்ட் எல்லாம் திகதி முடியாமல் இருக்குத்தானே?”

பரமட்டாவில் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலைசெய்கிற ரஞ்சினி, பல்வலியோடு வந்து கத்துகிறவர்களிடம்கூட முகம் சுளிக்காதவள். ஆனால் இந்தக் கேள்வியில் அவளுடைய பொறுமை உடைந்தது. வெளிநாடு போக வக்கில்லாத சனம் என்று சபையில் வைத்துச் சொல்லாமல் சொல்கிறாள்! அதற்குப் பதிலாகத்தான் அந்த லூசியானா வசனம் பாய்ந்து வந்தது.

“ஜூலையில அங்க சரியான வெக்கை அக்கா” என்றாள் மேனுகா, அவசரமாக. “புயலும் வரும். ஒக்டோபர் மட்டும் பொறுங்கோவன்.”

“எங்களுக்கு வெக்கை புதுசோ? நாங்களும் யாழ்ப்பாணத்திலதான் பிறந்தனாங்கள்” என்றாள் ரஞ்சினி.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சிறி ரோல்ஸின் மிச்சத்தை விழுங்கினார்.

“ரஞ்சி, எங்கட பாஸ்போர்ட் முடிஞ்சு எத்தினை வருஷம்?”

“அதை ஏன் இப்ப கேக்கிறியள்?”

“கூரை மாத்தினதோட பாங்கில இருந்ததும் முடிஞ்சுது. நீர் எந்தத் துணிவில சொன்னனீர்?”

“அவளின்ர முகத்தைப் பாத்தனீங்களோ? செத்துப்போச்சு. ஒக்டோபர் மட்டும் பொறுக்கட்டாம். நாங்கள் போறது அவளுக்குப் பொறுக்கேல்ல.”

சிறி சமாதானப் பிரியர். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னார். “எனக்கு டிப்போவில லீவு தரேல்ல எண்டு சொல்லிவிடும். பிரச்சினை முடிஞ்சுது.”

ரஞ்சினிக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. உடனே மேனுகாவுக்குப் போன் எடுத்தாள்.

“மேனுகா, லூசியானாப் பயணம் இருக்கெல்லோ, அத்தானுக்கு லீவு…”

“கிடைக்கேல்லையோ? அப்பாடா! கடவுளே, நல்லதாப் போச்சு அக்கா!”

போனுக்கு அந்தப் பக்கம் துள்ளிக் குதிக்காத குறை. ரஞ்சினியின் காது சிவந்தது. பிறத்தியாரின் பயணம் நின்றுபோனால் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருத்தியை அவள் இதுவரை கண்டதில்லை.

“கிடைச்சிட்டுது எண்டு சொல்லத்தான் எடுத்தனான்” என்றாள். “ரெண்டு கிழமை. முழுச் சம்பளத்தோட.”

பக்கத்தில் நின்ற சிறி தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

இனிப் போகத்தான் வேண்டும். போகவும் முடியாது. அதனால் போனதாக இருக்க வேண்டும். இரண்டு கிழமையும் திரைச்சீலையை மூடிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பது என்று ரஞ்சினி தீர்மானித்தாள். ஆனால் மேனுகா அடுத்த நாளே வந்து நின்றாள்.

“வீட்டுத் திறப்பைத் தாங்கோ அக்கா. பனிக்கு உள்ள எடுத்து வைச்ச கறிவேப்பிலைக்கு நான் வந்து தண்ணி ஊத்திறன். இல்லாட்டில் பட்டுப்போகும்.”

கறிவேப்பிலை மரத்தைக் காட்டி உளவு பார்க்கப் போகிறாள் என்று ரஞ்சினிக்குப் பட்டது. சாவியைக் கொடுக்காமல் இருக்க நியாயம் கிடைக்கவில்லை. அப்படியென்றால் வீட்டில் இருக்க முடியாது, ஊரைவிட்டே போகவேண்டும். போகிற அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு நைசாகக் கிளம்பலாம் என்று பார்த்தால், விடிய ஆறு மணிக்கே சுஜீதன் வாசலில் நின்றான்.

“அண்ணி, நாங்களே எயார்போர்ட்டில கொண்டுபோய் விடுறம். அண்ணை ஏன் பார்க்கிங்குக்குக் காசைக் கொட்டுவான்?”

விமான நிலையத்தில் மேனுகா ரஞ்சினியைக் கட்டிப்பிடித்தாள். வழியில் கொறிக்க என்று பருத்தித்துறை வடை ஒரு பெரிய டப்பா நிறையத் தந்தாள். கண் கலங்கியிருந்தது. பொறாமையில் மனுஷருக்குக் கண்ணீரும் வரும் என்று ரஞ்சினி அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

“அக்கா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. எல்லாம் பாருங்கோ. மிசிசிப்பியில சக்கரம் சுத்துற ஆத்துக்கப்பல் ஓடும். அந்தக் கப்பலில மட்டும் ஏறாதேங்கோ. எனக்காக.”

“ஏன்?”

“சும்மாதான்.” மேனுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரஞ்சினியும் சிறியும் கை காட்டிவிட்டு உள்ளே போய், ஆளுக்கொரு கழிவறையில் ஒரு மணித்தியாலம் ஒளித்திருந்தார்கள். வெளியே வந்தபோது ரஞ்சினியின் முகம் தெளிவாக இருந்தது.

“எனக்கு அந்தக் கப்பல் வேணும்” என்றாள்.

“எந்தக் கப்பல்?”

“அவள் ஏறாதேங்கோ எண்டு சொன்ன கப்பல். தான் மட்டும் ஏறின ஆள் எண்டு பேர் எடுக்கப் பாக்கிறாள்.”

“மிசிசிப்பிக்கு நான் எங்க போவன், ரஞ்சி?”

“சக்கரம் சுத்துற கப்பல் பக்கத்து மாநிலம் விக்டோரியாவில ஓடுது. எச்சுக்காவில. மறி ஆத்தில. தேடிப் பாத்திட்டன்.” கழிவறையில் இருந்த ஒரு மணித்தியாலத்தை அவள் வீணாக்கவில்லை.

ஆகவே விமான நிலையத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, லூசியானாவை நோக்கித் தெற்கே புறப்பட்டார்கள். அந்த நாள் முழுக்கச் சிறி ஓட்டினார். வருஷம் முழுக்க பஸ் ஓட்டுகிற மனுஷனுக்குக் கிடைத்த விடுமுறை அது.

எச்சுக்காவில் ஆறு இருந்தது. கப்பல் இருந்தது, பக்கவாட்டில் சக்கரம் சளசளவென்று சுற்றியது. எல்லாம் சரி. குளிர்தான் சரியில்லை. ஜூலை மாதம் லூசியானாவில் தலை வெடிக்கிற வெயில். எச்சுக்காவிலோ புல்லில் வெள்ளைப்பனி. கப்பலில் வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டு, சுடச்சுடக் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, மேல்தட்டில் இரண்டு பேர் மட்டும் வெயில் கண்ணாடியும் அரைக்கைச் சட்டையுமாக நின்றார்கள்.

“சிரியுங்கோ” என்றாள் ரஞ்சினி.

“பல்லு கிட்டுது ரஞ்சி.”

“கிட்டுற பல்லைக் காட்டினாலே சிரிப்பு மாதிரித்தான் இருக்கும். வேர்க்கிற மாதிரி முகத்தைத் துடையுங்கோ.”

சிறி லேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். வாயிலிருந்து ஆவி புகைபோல வெளியே போனது.

“மூச்சு விடாதேங்கோ! படத்தில தெரியுது!”

சிறி மூச்சை அடக்கினார். கப்பல் ஊழியப் பெண் ஒருத்தி பதறியடித்துக்கொண்டு போர்வையோடு ஓடி வந்தாள். அவளை அனுப்பிவைத்து, படத்தில் பின்னால் தெரிந்த யூகலிப்டஸ் மரங்களை எல்லாம் வெட்டி எறிந்து, கடைசியில் சக்கரமும் தண்ணீரும் நீல உதடுகளோடு சிறியும் மட்டும் மிஞ்சிய ஒரு படத்தை ரஞ்சினி குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டாள். ‘மிசிசிப்பி! சரியான வெக்கை!’

மேனுகாவின் மகள் வினுஷாவிடமிருந்து முதல் பதில் வந்தது. ‘பெரியம்மா, அங்க இப்ப நைட் எல்லோ?’

ரஞ்சினிக்குத் திக்கென்றது. ‘இது பகல் எடுத்தது பிள்ளை’ என்று சமாளித்தாள்.

மேனுகாவிடமிருந்து பதில் வர நெடுநேரம் பிடித்தது. வந்தது ஒரே ஒரு வரி. ‘கப்பலில ஏறீட்டீங்களோ அக்கா.’ கேள்விக்குறிகூட இல்லை.

“பாருங்கோ” என்று ரஞ்சினி போனைச் சிறியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “எரியுது. நல்லா எரியுது.”

சிறிக்கும் எரிந்தது, தொண்டை.

அடுத்த நாள் மேனுகா கம்போ ருசி எப்படி என்று கேட்டாள். ரஞ்சினி தங்கியிருந்த விடுதியின் குட்டிக் குசினியில், கடையில் வாங்கிய உறைந்த இறாலையும் வெண்டிக்காயையும் போட்டுக் குழம்பு வைத்துப் படம் அனுப்பினாள். ‘நல்ல நிறம். கறித்தூள் போட்ட மாதிரி’ என்றாள் மேனுகா. மூன்றாம் நாள், “முதலை பாத்தீங்களோ அக்கா? இல்லையெண்டால் விடுங்கோ, பேந்து பாக்கலாம்” என்று குரல் செய்தி வந்தது.

அந்தப் ‘பேந்து பாக்கலாம்’ ரஞ்சினியைக் குத்திவிட்டது. பேந்தாம், பிறகாம்! இவர்களுக்கு இனி எங்கே போகக் கிடைக்கப்போகிறது என்கிற இளக்காரம்!

அமெரிக்க முதலை சிட்னிக்கு வடக்கே ஒரு பூங்காவில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தாள். காய்ச்சல் தொடங்கிய சிறி, தெற்கே ஓட்டி வந்த அவ்வளவு தூரத்தையும் திரும்ப வடக்கே ஓட்டினார். நெடுஞ்சாலையில் டூங்கபிக்குத் திரும்பச் சொல்லும் பலகை வந்தபோது அதை ஆசையோடு பார்த்தார். ரஞ்சினி, “நேர போங்கோ” என்றாள்.

குளிருக்கு முதலை அசையாமல் கிடந்தது. வாயையும் திறக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. படம் அனுப்பியதும் வினுஷா, ‘பெரியம்மா, அது மரக்கட்டையா?’ என்று கேட்டாள். மேனுகா ஒன்றுமே சொல்லவில்லை. பேசமுடியாத அளவுக்கு வயிறு எரிகிறது என்று ரஞ்சினி கணக்கிட்டாள்.

மிச்ச நாட்களைக் கொஸ்ஃபோர்ட் பக்கம் ஒரு விடுதி அறையில், சிறிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் கழித்தாள். திரும்பி வருகிற அன்றைக்குக் காரை விமான நிலையத்தில் ஒப்படைத்து, தொலைதூர விமானம் ஒன்றிலிருந்து இறங்கி வந்த கூட்டத்துக்குள் பெட்டிகளோடு புகுந்து, களைத்த முகத்தோடு வெளியே வந்தார்கள். களைப்பு மட்டும் நடிப்பில்லை.

“அண்ணை, என்ன இது தும்மலும் தடிமனும்?” என்றான் கூட்டிப்போக வந்திருந்த சுஜீதன். “அங்க வெக்கையெல்லோ?”

சிறி தும்மினார். “ஏசி” என்றாள் ரஞ்சினி. “எல்லா இடமும் ஏசி. அமெரிக்காக்காரருக்கு அளவு தெரியாது.”

அந்தச் சனிக்கிழமை விருந்து ரஞ்சினி வீட்டில். தொலைக்காட்சியில் ரஞ்சினியின் படங்கள். குறைந்த படங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன கதைக்கு முடிவே இல்லை. மிசிசிப்பிக் காற்று, கப்பல் தலைவன் தங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் காட்டியது, ட்ரம்பெட் ஊதுகிறவன் சிறிக்காகத் தனியாக ஒரு பாட்டு வாசித்தது. சிறி போர்வைக்குள் இருந்து இடையிடையே, “ஓம், ஓம்” என்றார்.

மேனுகா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு முறைகூட, “நாங்கள் போனபோது” என்று குறுக்கே வரவில்லை. முடிவில் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா… திரும்ப ஒருக்கா போகச் சொன்னால் போவியளோ?”

அது தோற்றுப்போனவளின் குரல். ரஞ்சினிக்கு அது விளங்கியது. இந்தக் கேள்விக்காகத்தானே ஈஸ்டரிலிருந்து அவள் காத்திருந்தாள்? நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சீ! இனி அங்க என்ன இருக்கு பாக்க? எல்லாம் பாத்து முடிஞ்சுது. உண்மையைச் சொன்னால் ஆக்கள் சொல்லுற அளவுக்கு அங்க ஒண்டுமில்லை. இனி ஆரும் சும்மா கூட்டிக்கொண்டு போறம் எண்டாலும் நான் போகமாட்டன்.”

மேனுகா எழுந்து குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருந்தது. “வெங்காயம் வெட்டினனான்” என்றாள். அன்றைய சமையலோடு வீட்டில் வெட்ட வெங்காயமே மிச்சமிருக்கவில்லை என்பது சமைத்த ரஞ்சினிக்குத் தெரியும்.

அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு ரஞ்சினி நெஞ்செரிவில்லாமல் நித்திரை கொண்டாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து, நடந்தே ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குப் போனாள். காலில் இறக்கை இருந்தது. ஒரு கிலோ ஜிலேபி வாங்கினாள். அதில் பாதியை மேனுகாவுக்கே கொடுக்கலாம் என்றுகூட நினைத்தாள். வென்றவர்களுக்குத் தாராள மனசு வரும். அப்போதுதான் இனிப்புக் கடைக்குப் பக்கத்தில் இருந்த பயண முகவர் நிலையத்தின் கதவு திறந்தது.

“ரஞ்சினி மேடம்! ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

ஹரிப்பிரியா மதுரைக்காரி. டூங்கபித் தமிழர்களில் பாதிப்பேர் அவளிடம்தான் விமான டிக்கெட் எடுப்பது. ரஞ்சினியின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. எல்லோரிடமும் தப்பித்தாயிற்று; யாரார் எங்கே பறந்தார்கள் என்பதைக் கையில் வைத்திருக்கிற இவளை எப்படி மறந்துபோனாள்?

“லூசியானா போயிட்டு வந்தீங்களாமே? நம்மகிட்ட டிக்கெட் போடவே இல்லையே மேடம்?”

“அது… ஒன்லைனில மலிவாக் கிடைச்சுது.”

“பரவாயில்ல, பரவாயில்ல. எல்லாரும் இப்போ அப்படித்தான்.”

பொய் பிடிபடவில்லை. ரஞ்சினிக்கு உயிர் திரும்பி வந்தது. ஜிலேபிப் பையைத் திறந்து, “எடுங்கோ பிள்ளை” என்று நீட்டினாள். “நல்ல இடம். ஆனால் ஒருக்காப் பாத்தால் காணும்.”

ஹரிப்பிரியா ஒரு ஜிலேபியை எடுத்தாள். கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வருத்தமாகத் தலையை ஆட்டினாள்.

“நீங்க அவசரப்பட்டுட்டீங்க மேடம். ஒங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குச் சர்ப்ரைஸா ஒங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய், அந்த ஆத்துக் கப்பல்லயே விருந்து வைக்கணும்னு மேனுகா மேடம் அக்டோபருக்கு மொத்தப் பணமும் கட்டி வெச்சிருந்தாங்க. நீங்கதான் இனிமே சும்மா கூப்பிட்டாலும் வரமாட்டேன்னுட்டீங்களாமே, நேத்துதான் அழுதுகிட்டே வந்து ஒங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டுப் போனாங்க.”